பொழிப்புரை போதாது

கேள்வி: தாராவியில் பிறந்து வளர்ந்தவள் நான். ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு ஆங்கில வழிக்கு மாறினேன். இப்போது பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் மூன்று கட்டுரைகள் கொடுக்க வேண்டும்: இலக்கியம் பற்றி ஒன்று, திரைப்படம் பற்றி ஒன்று, மொழியியல் தாளுக்கு ஒன்று. முதல் கட்டுரை திருத்தி வந்தபோது ஓரத்தில் 'இது சுருக்கம், ஆய்வு அல்ல' என்று எழுதியிருந்தார்கள். உடன் படிப்பவர்கள் ஃபூக்கோ, தெரிதா என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர்களைப் பெயர் பெயராக எழுதுகிறார்கள். சிலர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு ஆங்கிலம் தடுமாறித்தான் வருகிறது. தாராவியைக் காட்டிய தமிழ்ப் படங்களைப் பற்றி எழுத ஆசை. நான் அங்கேயே வாழ்பவள் என்பதைக் கட்டுரையில் சொல்லலாமா? வீட்டில் பேசும் தமிழைப் பற்றி மொழியியல் கட்டுரை எழுத முடியுமா? ஆய்வு என்றால் உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவி, தாராவி, மும்பை

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

ஓரத்தில் இருந்த அந்தக் குறிப்பைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மும்பைக் கல்லூரிகளில் நெடுங்காலம் இலக்கியம் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாம் ஆண்டில் இந்தக் குறிப்பைப் பெறாத மாணவர் அரிது. பள்ளியில் 'பாடலின் பொருளை உன் சொந்த நடையில் எழுதுக' என்று ஆண்டுக்கணக்காகக் கேட்கிறோம். அதைச் சரியாக எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுத்து வளர்க்கிறோம். கல்லூரிக்கு வந்ததும் கேள்வி மாறிவிடுகிறது. மாறிவிட்டது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகளே இதில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

நீங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தது இங்கே கைகொடுக்கும். பொழிப்புரை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்: பாட்டின் பொருளைத் திரட்டிச் சொல்வது. நன்னூலில் பவணந்தி முனிவர் உரை வகைகளைச் சொல்லும்போது காண்டிகை என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறார். கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவிடையையும் சேர்த்துச் சூத்திரத்தின் உட்பொருளை விளங்கவைப்பது அது. உங்கள் பேராசிரியர் கேட்பதும் இந்த வினாவிடையைத்தான். நீங்கள் அனுப்பியிருந்த கட்டுரைப் பக்கங்களைப் படித்தேன். கருத்து இருக்கிறது, சொற்பொருள் இருக்கிறது, மேற்கோளும் இருக்கிறது. ஓரிடத்தில்கூட வினா இல்லை. 'இதை வேறு எப்படியோ சொல்லியிருக்கலாமே, ஏன் இப்படிச் சொன்னார்கள்?' என்று நீங்கள் எந்த வரியையும் நிறுத்திக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டு, கிடைத்த பதிலைப் படிப்பவர் ஏற்கும்படி எழுதுவதுதான் ஆய்வு.

செய்து காட்டினால்தான் இது விளங்கும். குறுந்தொகையில் கபிலர் பாடிய 18ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம்.

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார்அஃது அறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே.

இரவில் வந்து சந்தித்துவிட்டுப் போகும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். மூங்கில் வேலி சூழ, வேரிலே காய்க்கும் பலா மரங்கள் நிறைந்த மலைச்சாரல் நாட்டவனே, தக்க காலத்தை உண்டாக்கிக்கொள். சிறிய கிளையில் பெரிய பழம் தொங்குவதுபோல் இவள் உயிர் மிகச் சிறியது, காதலோ பெரியது. இதை யார் அறிவார்? இதுவரை எழுதியது பொழிப்புரை. இங்கே நிறுத்திவிட்டு, 'கபிலர் இயற்கை உவமையால் தலைவியின் துயரத்தை அழகாகக் காட்டுகிறார்' என்று ஒரு வரி சேர்த்தால் அதுவும் ஆய்வு ஆகாது. அந்த வரியைச் சங்கப் பாடல்களில் எதற்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம்.

இப்போது பாட்டை மறுபடி படியுங்கள். ஐந்து வரிகளுக்குள் பலா இரண்டு முறை வருகிறது. ஏன் இரண்டு முறை? முதல் பலா அவனுடைய நாட்டில் இருக்கிறது. அது வேரில் காய்ப்பது. பழம் தரையில் கிடக்கிறது, விழ இடமே இல்லை. போதாததற்குச் சுற்றிலும் மூங்கில் வேலி. இரண்டாவது பலாப்பழம் தலைவியைச் சொல்ல வருவது. அது மெல்லிய கிளையில் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்கு வேலி இல்லை, தரையும் அருகில் இல்லை. மரம் ஒன்றுதான், பழமும் ஒன்றுதான், 'சாரல்' என்ற சொல்கூட இரண்டு இடத்திலும் வருகிறது. வேறுபடுவது அது தாங்கப்படும் விதம் மட்டுமே. அவனை வாழ்த்தி அழைப்பதுபோல் தொடங்கும் முதல் வரியில், 'உன் நாட்டில் பழங்களுக்குக்கூடக் காவல் உண்டு' என்ற குற்றச்சாட்டைத் தோழி மறைத்து வைத்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று. 'சிறுகோட்டுப் பெரும்பழம்' என்று சிறுமையும் பெருமையும் வந்த அதே வரிசையில் 'உயிர் தவச் சிறிது, காமமோ பெரிதே' என்று அடுத்த வரி நடக்கிறது. கிளை உயிர், பழம் காதல் என்று யாரும் விளக்காமலே காதுக்குப் புரிந்துவிடுகிறது. பழம் ஒவ்வொரு நாளும் கனக்கும். கிளை அதற்கேற்பப் பருக்காது. தோழி கேட்பது திருமணத்தை; அந்தச் சொல் பாட்டில் எங்கும் இல்லை. நாள் கடத்தாதே என்ற அவசரம் முழுவதையும் அந்தப் பழத்தின் எடை சொல்லிவிடுகிறது.

உடனே உங்களுக்கே ஒரு மறுப்பு தோன்றவேண்டும். வேலி என்பது தலைவியைச் சுற்றியுள்ள வீட்டுக்காவலைக் குறிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். 'வேலி' வருவது 'நாட' என்ற விளிக்கு முன்னால், அவனுடைய நிலத்தைச் சொல்லும் தொடரில் என்று வரியைக் காட்டிப் பதில் எழுதுங்கள். நம் பழைய உரையாசிரியர்கள் ஒரு பொருள் சொன்னதும் எதிர்க்கேள்வியைத் தாங்களே எழுப்பி விடை சொல்வார்கள். பரிமேலழகர் உரையில் அதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தப் பழக்கம் உங்கள் கட்டுரைக்கும் வேண்டும்.

இதற்கெல்லாம் கோட்பாட்டு நூல் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்கைந்து முறை படிக்கும் பொறுமை போதுமானதாக இருந்தது. உ.வே.சாமிநாதையர் 1937இல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைப் பாருங்கள். ஆனால் உங்கள் குறிப்புகளை எழுதி முடித்த பிறகு பாருங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் அவர் கண்டதைத் தவிர வேறெதுவும் உங்கள் கண்ணில் படாது.

அடுத்தது, மாணவர்கள் மிகவும் தடுமாறும் இடம்: கட்டுரையின் மையக் கூற்று. தலைப்பையே கூற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' (1934) பற்றி எழுதச் சொன்னால், 'இக்கதை நகர்ப்புற வறுமையைச் சித்திரிக்கிறது' என்று தொடங்குவார்கள். கதையைப் படித்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள். மறுக்க முடியாத ஒன்றை நிறுவப் பத்துப் பக்கம் எதற்கு? அந்தக் கதையின் முதல் வாக்கியம் 'பொன்னகரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா?' என்று வாசகரைப் பார்த்துக் கேட்கிறது. முடிவில், 'என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே!' என்று அதே வாசகரைப் பார்த்துச் சீறுகிறது. நடுவில் அம்மாளு அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வார்க்கத் தன்னைக் கொடுத்து முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். இதை வைத்து, 'அம்மாளுவின் கதையாகத் தோன்றும் பொன்னகரத்தில் விசாரிக்கப்படுபவர் வாசகரே' என்று ஒரு கூற்றை முன்வைக்கலாம். இதை ஒருவர் மறுக்க முடியும். அம்மாளுவின் மனத்துக்குள் கதை எவ்வளவு தூரம் நுழைகிறது, வாசகரைத் திட்டும் வேகத்தில் அவள் ஒரு சான்றுப் பொருளாகச் சுருங்கிவிடுகிறாளா என்று எதிர்வாதம் செய்ய முடியும். மறுப்புக்கு இடமுள்ள கூற்றுக்குத்தான் நீங்கள் சான்று தேடுவீர்கள், அதனால்தான் கட்டுரை தானாக நகரும். புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையானவை. மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியிலேயே படித்துவிடலாம்.

ஃபூக்கோவையும் தெரிதாவையும் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். குழம்பை இறக்கும்போது கொத்தமல்லி தூவுவதுபோல் பெயர்களைத் தூவினால் எந்தப் பேராசிரியருக்கும் அது தெரிந்துவிடும். ஒரு சிந்தனையாளரின் ஒரு கருத்து இல்லாமல் உங்கள் வாதம் நிற்காது என்றால் அவரைக் கொண்டு வாருங்கள். அவருடைய நூலில் குறைந்தது அந்த ஓர் இயலையாவது நீங்களே படித்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கடுமையாகவே சொல்கிறேன், கட்டுரையை அதனிடம் எழுதி வாங்காதீர்கள். பிடிபடுவீர்கள் என்ற அச்சத்தால் சொல்லவில்லை. அது தருவதில் பெரும்பகுதி எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற வழவழப்பான வாக்கியம். இல்லாத கட்டுரைகளையும் இல்லாத மேற்கோள்களையும் இருப்பதாகச் சொல்வதும் உண்டு. இரண்டு பலா மரங்களையும் நீங்களே கண்டுபிடிக்கும்போது உங்களுக்குள் ஒரு திறன் வளர்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பின் பயனே அதுதான். அதைக் கைமாற்றிவிட்டால் பட்டம் மட்டும் மிஞ்சும். பழைய கைடு புத்தகங்களைப் பார்த்து எழுதிய தலைமுறைகளிடமும் ஆசிரியர்கள் இதையேதான் சொன்னார்கள்.

ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள். கேள்வி கேட்பதும் காரணம் தேடுவதும் தமிழிலேயே நடக்கட்டும். வாதம் தெளிந்த பிறகு சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். மதிப்பெண் குறைவது பெரும்பாலும் குழம்பிய வாதத்தால்தான். மொழிப் பிழைகளால் குறைவது சிறிதே. உங்கள் பக்கங்களில் இருந்த ஆங்கிலம் நீங்கள் அஞ்சுகிற அளவுக்கு மோசமானதும் அல்ல.

இனி திரைப்படம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கேள்விதான்.

தாராவி என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருபவை மணிரத்னத்தின் 'நாயகன்' (1987), பா. ரஞ்சித்தின் 'காலா' (2018) ஆகிய இரண்டும். நீங்கள் அனுப்பிய குறிப்பில், 'படத்தில் காட்டுவது எங்கள் தாராவி மாதிரி இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மை. 'நாயகன்' படத்தின் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் தோட்டா தரணி அமைத்த அரங்கம். அந்தக் கலை இயக்கத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 'காலா'வுக்கும் சென்னையில் தாராவி அரங்கம் போட்டார்கள். இத்தோடு நிறுத்தினால் அது புகார் ஆகிவிடும். ஆய்வாளர் இங்கேதான் தொடங்குவார். அரங்கம் என்றால் ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு சந்தின் அகலமும், எந்த மாடியில் யார் நிற்கிறார்கள் என்பதும் யாரோ முடிவு செய்தவை. தற்செயலாக எதுவும் சட்டகத்துக்குள் வந்துவிடவில்லை. ஆகவே 'ஏன் இப்படி?' என்று ஒவ்வொன்றையும் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்பதில்தான் தாராவியில் வாழ்வது உங்களுக்கு உதவும். 'நான் அங்கே வாழ்கிறேன், ஆகவே எனக்குத் தெரியும்' என்பது வாதத்துக்குச் சான்று ஆகாது; வேறொரு சந்தில் வாழ்பவர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஆனால் நீங்கள் கவனிப்பதை மாட்டுங்காவில் அடுக்குமாடியில் வளர்ந்த உங்கள் வகுப்புத் தோழி கவனிக்கமாட்டார். பதின்மூன்றாவது காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் சத்தம், குயவர்கள் வாழும் கும்பார்வாடாவில் சூளைப் புகை, தோல் பட்டறைகளின் வாடை, முறங்களில் அப்பளம் உலர்த்தும் பெண்கள். இவற்றில் எவை திரையில் வருகின்றன, எவை வரவில்லை, வருபவை கதையின் நடுவிலா, பாடலின் பின்னணியிலா என்று பட்டியல் எடுங்கள். தொழில் குறைவாகவும் வீடும் தெருவும் அதிகமாகவும் வந்தால், படம் தன் மக்களை உழைப்பாளிகளாகக் காட்டுகிறதா, அந்த நிலத்தில் வேர்விட்ட குடிகளாகக் காட்டுகிறதா என்ற கேள்வி எழும். 'காலா' நிலத்தின் மீதான உரிமையைப் பேசும் படம். அதனால் அது தேர்ந்தெடுத்த இடங்களுக்கும் அதன் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எழுதலாம். அத்தகைய கட்டுரையை நான் இதுவரை படித்ததில்லை, படிக்க ஆசைப்படுகிறேன்.

தாராவிக்காரி என்று கட்டுரையில் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒரே வாக்கியம் போதும்: எந்த இடத்தில் நின்று பார்க்கிறேன் என்று வாசகருக்குத் தெரிவித்துவிட்டுப் படத்துக்குள் போய்விடுங்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தைப் பற்றி உங்கள் குறிப்பில் தெரிந்த மனக்கொதிப்பு எனக்குப் புரிகிறது. அது தனிக் கட்டுரைக்கு உரிய பொருள். இதற்குள் அதை இழுத்தால் படம் கைநழுவிப்போகும்.

முழுப் படத்தையும் எழுதாதீர்கள். ஒரு காட்சி, மூன்று நான்கு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். முதலில் சாதாரணமாகப் பாருங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்; யார் எங்கே நிற்கிறார்கள், கேமரா யாருடைய தோளுக்குப் பின்னால் இருக்கிறது, யாருடைய முகத்துக்கு அண்மைக்காட்சி கிடைக்கிறது என்பவை அப்போதுதான் தெரியும். அதன் பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். இசை எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே நின்று வெறும் தெருச் சத்தம் மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒரு மாலை முழுவதும் போய்விடும், போகட்டும்.

'காலா'வின் முடிவையே பாருங்கள். கருப்பு, சிவப்பு, நீல வண்ணப் பொடிகள் திரையை நிறைக்கின்றன. இதைப் பற்றி எழுதும் மாணவர்கள் எல்லாரும், கருப்பு இதற்கு, சிவப்பு அதற்கு, நீலம் அம்பேத்கருக்கு என்று குறியீட்டுப் பட்டியல் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்ததை மறுபடி சொல்லும் அதுவும் ஒரு வகைப் பொழிப்புரைதான். அதற்குப் பதிலாக, நிறங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று கேளுங்கள். படம் முழுவதும் வெள்ளை உடையில், வெள்ளை வீட்டில் இருந்த வில்லன் ஹரி தாதா அந்தப் பொடிக்குள் என்ன ஆகிறார்? அதுவரை சட்டையிலும் கொடியிலும் இருந்த நிறம் ஏன் கடைசியில் காற்றில் பரவும் பொடியாகிறது? கொடியை ஒருவர் பிடிக்கவேண்டும். பொடிக்குப் பிடிப்பவர் இல்லை, அது எல்லார் மீதும் படிகிறது. தலைவன் ஒருவனின் கதையாக வந்த படம் கூட்டத்தின் கதையாக மாறும் இடம் அதுதான் என்று நான் வாதிடுவேன். அதற்குச் சற்று முன்னால், ஹரி தாதா வீட்டில் ராமாயணம் படிக்கப்படுவதும் தாராவியில் தாக்குதல் நடப்பதும் மாறி மாறி வருகின்றன. எந்த வரி படிக்கப்படும்போது எந்த ஷாட்டுக்கு வெட்டுகிறார்கள் என்று குறித்தால் அதிலேயே ஒரு கட்டுரை இருக்கிறது.

'நாயகன்' படத்தில் இதற்கு நேர் எதிரான முடிவு. தலைவரான வேலு நாயக்கரிடம் பேரன் 'நீங்க நல்லவரா, கெட்டவரா?' என்று கேட்கிறான். 'தெரியலையே' என்று பதில் வருகிறது. கேள்வி ஒரு தனிமனிதரின் அறத்தைப் பற்றியது, பதிலும் ஒற்றை முகத்தில் முடிகிறது. இரண்டு படங்களும் ஒரே இடத்தில் ஒரு தமிழ்த் தலைவரை வைத்துக்கொண்டு இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. ஒப்பீடு செய்வதானால் இந்தக் கேள்விகளை ஒப்பிடுங்கள். கதாபாத்திரங்களின் குணநலன்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்டால் மீண்டும் சுருக்கத்திலேயே போய் நிற்பீர்கள்.

மொழியியல் தாளுக்கு வீட்டுத் தமிழை எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில்: தாராளமாக எடுக்கலாம். அதைவிட நல்ல பொருள் உங்களுக்குக் கிடைக்காது. 'மும்பைத் தமிழ்' என்று பெரிதாகத் தொடாதீர்கள். அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க் நகரப் பேச்சை ஆராய எடுத்துக்கொண்டது சொல்லின் இறுதியிலும் மெய்க்கு முன்பும் வரும் 'ர்' என்ற ஒரே ஒலியைத்தான். விலை உயர்ந்தது, நடுத்தரமானது, மலிவானது என மூன்று பெரிய அங்காடிகளுக்குப் போனார். 'நான்காவது மாடி' என்று பதில் வரும்படியான ஒரு கேள்வியை விற்பனையாளர்களிடம் கேட்டார். காதில் விழாததுபோல் மறுபடி கேட்டு, அதே சொற்களை அவர்கள் கவனத்தோடு சொல்லவும் வைத்தார். விலை உயர்ந்த கடையில் அந்த ஒலி அதிகமாகவும் மலிவான கடையில் குறைவாகவும் இருந்தது. ஒற்றை ஒலியிலிருந்து வகுப்பு வேறுபாட்டைப் பற்றி அவரால் பேச முடிந்தது.

உங்கள் வீட்டில் எடுக்கத் தக்க ஒரு புள்ளியைச் சொல்கிறேன். கேட்பவரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்று தமிழில் இரண்டு உண்டு. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்'தான். மராத்தியில் நம்மைப்போலவே இரண்டு: சேர்ப்பதற்கு 'ஆபண்', விலக்குவதற்கு 'ஆம்ஹி'. அந்த 'ஆபண்' வழியில் வந்த 'அபுன்' மும்பை இந்தியில் 'நான்' என்ற பொருளிலும் புழங்குகிறது. தாராவியில் ஒரே குடும்பத்தில் மராத்திப் பள்ளியில் படித்த அண்ணனும், இந்தி, ஆங்கிலம் மட்டும் புழங்கும் தம்பியும், திருநெல்வேலியிலிருந்து வந்த ஆச்சியும் இருப்பது சாதாரணம். இவர்கள் மூவர் பேச்சிலும் இந்த வேறுபாடு ஒரே அளவில் நிலைத்திருக்கிறதா? மராத்தி அதைத் தாங்கிப் பிடிக்கிறதா, இந்தி அதைக் கரைக்கிறதா? விடை என்னவாக இருக்கும் என்று முன்கூட்டித் தீர்மானிக்காதீர்கள். 'நீ இப்படிப் பேசுவாயா?' என்று நேராகவும் கேட்காதீர்கள். சரி என்று தாங்கள் நினைப்பதைத்தான் மக்கள் சொல்வார்கள், பேசுவதை அல்ல. ஊருக்குப் போன கதை, கல்யாண ஏற்பாடு என்று 'நாம்', 'நாங்கள்' இயல்பாக வரும் பேச்சை, அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள். கேட்டு எழுதுங்கள், எண்ணுங்கள். ஒரு குடும்பத்தைக் கொண்டு மும்பைத் தமிழர் அனைவரையும் பற்றி முடிவு சொல்ல முடியாது. அதையும் கட்டுரையில் வெளிப்படையாக எழுதினால் மதிப்பு கூடும், குறையாது.

வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை என்று உங்கள் குறிப்பின் கடைசியில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் பெரிய எழுத்திலேயே எழுதியிருக்கலாம், அது சிறிய சிக்கல் அல்ல. உங்கள் பகுதியில் அப்யாசிகா என்ற பொதுப் படிப்பறை இருந்தால் மாலை நேரத்துக்கு இடம் கேளுங்கள். கல்லூரி நூலகத்தில் முதல் வகுப்புக்கு முந்தைய ஒரு மணி நேரம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கவிதைக் கட்டுரைக்கு மேசைகூடத் தேவையில்லை: ஐந்து வரிகளை மனப்பாடம் செய்துகொண்டால் சயான் ரயில் நிலையத்தில் நிற்கும்போதும் அதைப் பற்றிச் சிந்திக்கலாம். பழைய நூல்கள் வேண்டுமென்றால் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளைப் பாருங்கள்.

தமிழ் வரிகளை ஆங்கிலக் கட்டுரையில் எப்படித் தருவது என்றும் அந்தக் குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மூல வரியைத் தமிழ் எழுத்திலோ ஒலிபெயர்ப்பிலோ முதலில் தாருங்கள். இரண்டில் எது என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் கீழே ஆங்கிலம். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். பிறருடையது என்றால் பெயர், நூல், பக்கம் மூன்றும் வேண்டும். படத்தின் வசனமானால் அது வரும் மணி, நிமிடம், நொடியைக் குறியுங்கள். திரையின் அடியில் துணைத்தலைப்பாக வரும் ஆங்கிலத்தை நம்பி வாதம் செய்யாதீர்கள், காதால் கேட்டு நீங்களே மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திருத்தி வந்த அந்தக் கட்டுரையைத் தூக்கி எறிய வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போங்கள். 'மதிப்பெண் ஏன் குறைந்தது?' என்று கேட்காமல், 'இதில் எந்தப் பத்தி ஆய்வுக்கு அருகில் வந்திருக்கிறது?' என்று கேளுங்கள். என் கணிப்பில் அது மூன்றாம் பக்கத்தில் இரண்டாவது பத்தி. கவிஞர் ஏன் நிகழ்காலத்துக்கு மாறினார் என்று நீங்கள் லேசாக வியந்துவிட்டு நகர்ந்துபோன இடம். திருத்தி எழுத அனுமதி கிடைத்தால் அந்தப் பத்தியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, மற்றதையெல்லாம் அதற்குச் சான்றாக அடுக்குங்கள்.